வண்டி நின்ற இடமே பட்டறை: தொப்பூர் சாலையில் ஒரு தொழிலும் ஓர் அமானிதமும்

சில மாதங்களுக்கு முன் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சம்பந்தப் பேச்சுக்கு நம்மை அழைத்திருந்தார்கள். மாப்பிள்ளை சிறு வயதில் நம்மிடம் மக்தபில் ஓதியவர். பெண்ணின் தகப்பனார் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார், ஹஜ்ரத்?"

"மொபைல் டெக்னீஷியன்" என்றோம்.

"செல்போன் கடையா? டவுனில் சொந்தக் கடையா, வாடகையா?"

செல்போன் இல்லை, லாரி, பஸ், வேன்கள் வழியில் நின்றுவிட்டால் அந்த இடத்துக்கே போய்ப் பழுது பார்ப்பவர் என்று விளக்கினோம். அவர் முகம் மாறிவிட்டது. "அப்போ மெக்கானிக்தானே ஹஜ்ரத்" என்று சொல்லிவிட்டு, தேநீரைக் குடித்து முடித்தார். அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது. அல்லாஹ் அந்தத் தம்பிக்கு வேறு இடத்தில் நல்ல துணையைத் தந்தான், அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் அந்த "மெக்கானிக்தானே" என்ற ஒரு சொல் நம் மனதை விட்டு அகலவில்லை. நம் ஊர்களில் எத்தனையோ பிள்ளைகள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள், எந்த ஆபத்தில் நிற்கிறார்கள், எந்தச் சோதனையைச் சந்திக்கிறார்கள் என்பது வீட்டில் உள்ளவர்களுக்கே தெரிவதில்லை. மிம்பரில் நின்று ஹலாலான சம்பாத்தியம் பற்றிப் பேசும் நமக்கும் தெரிந்திருக்கவில்லை. எனவே அந்தத் தம்பியோடு சில நாட்கள் பேசியும், ஓரிரு முறை அவருடன் வேனில் போய்ப் பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

நம் மாவட்டமும் லாரியும்

தர்மபுரி மாவட்டத்தின் நடுவே ஓடுகிறது 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் இந்தச் சாலையைப் பெரியவர்கள் இன்றும் பழைய எண்ணான 7ஐச் சொல்லித்தான் அழைக்கிறார்கள். பெங்களூரு, ஓசூர், கிருஷ்ணகிரி, காரிமங்கலம், தர்மபுரி, தொப்பூர், ஓமலூர், சேலம் என்று நீளும் இந்த வழியில் இரவு பகல் பாராமல் சரக்கு ஓடுகிறது. தெற்கே நாமக்கல்லும் சங்ககிரியும் லாரித் தொழிலால் பேர் பெற்ற ஊர்கள். லாரிக்குக் கூண்டு கட்டுவதிலும், எரிவாயு டேங்கர் ஓட்டுவதிலும் நாமக்கல்லுக்கு நாடறிந்த பெயர் உண்டு. வடக்கே ஓசூரில் அசோக் லேலண்ட் 1980இல் தொழிற்சாலை தொடங்கியபோது ஓசூர் நம் தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. 2004இல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. லாரி செய்யும் ஊருக்கும் லாரி ஓட்டும் ஊருக்கும் நடுவில் நாம் இருக்கிறோம். ஆகவே லாரி பழுது பார்க்கும் பிள்ளைகள் நம்மிடையே அதிகமாக இருப்பதில் வியப்பில்லை.

பாலக்கோட்டுத் தக்காளி ஏற்றிய ஒரு லாரி நடுவழியில் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் தக்காளி காத்திருக்காது. சந்தைக்கு நேரம் தவறினால் விலை போய்விடும். விவசாயிக்கு நஷ்டம், வியாபாரிக்கு நஷ்டம், வண்டிக்காரருக்கு வாடகை பிடிப்பு, டிரைவருக்குத் தூக்கமில்லாத இரவு. சொந்தமாகப் பத்து, ஐம்பது, நூறு வண்டிகள் வைத்திருப்பவர்களுக்கு இது தினசரிக் கவலை. வண்டி பட்டறையைத் தேடிப் போக முடியாதபோது பட்டறை வண்டியைத் தேடி வர வேண்டும். அந்த நடமாடும் பட்டறைதான் நம் தம்பியின் வேலை.

வண்டி நின்றபின் போவது இந்த வேலையில் ஒரு பாதி மட்டுமே. மறுபாதி, வண்டி நிற்காமல் பார்த்துக்கொள்வது. லாரிகள் ஓய்வாக நிற்கும் யார்டுக்கே வேனைக் கொண்டுபோய், ஆயில் மாற்றி, ஃபில்டர் மாற்றி, கிரீஸ் அடித்து, பிரேக் சரிபார்த்து, டயரைத் தட்டிப் பார்த்து, பெல்ட் வெடித்திருக்கிறதா என்று பார்த்து, எல்லாவற்றையும் ஜாப் கார்டில் எழுதிவிட்டு வருவது. முதலாளிகள் முதல் பாதிக்கு உடனே பணம் கொடுப்பார்களாம், இரண்டாவது பாதிக்குத்தான் இழுத்தடிப்பார்களாம். "நிற்காத வண்டிக்கு எதுக்குப்பா செலவு?" என்பார்களாம். நோய் வந்தபின் மருத்துவருக்குக் கொடுக்கும் மரியாதையை, நோய் வராமல் காப்பவருக்கு நாம் கொடுப்பதில்லையே, அதே கதைதான்.

ஒரு அழைப்பு வந்தால்

இரவு இரண்டு மணிக்கு ஃபோன் வருகிறது. "வண்டி நின்னுடுச்சு, சீக்கிரம் வாங்க." உடனே ஓடுபவர் நல்ல டெக்னீஷியன் இல்லை என்கிறார் தம்பி. முதலில் அவர் டிரைவரைப் பேச வைப்பாராம். ஓடும்போது நின்றதா, நிறுத்தி எடுக்கும்போது நின்றதா? நிற்பதற்கு முன் இழுவை குறைந்ததா? டேஷ்போர்டில் எந்த விளக்கு எரிகிறது? ஏர் மீட்டர் முள் எங்கே நிற்கிறது? கடைசியாக எங்கே டீசல் போட்டீர்கள்? எந்தப் பக்கம் புகை, என்ன நிறம்? இந்தக் கேள்விகளுக்கு வரும் பதிலில் பாதி நோய் தெரிந்துவிடும். எந்த உதிரிப்பாகத்தை வேனில் ஏற்றுவது என்பதும் அதில்தான் முடிவாகும். தப்பாக யூகித்து 40 கிலோமீட்டர் போய்விட்டு, கடை திறக்காத நேரத்தில் ஒரு ஹோஸ் பைப்புக்காக விடியும்வரை உட்கார்ந்திருந்த நாட்களும் உண்டு என்றார்.

டீசல் தீர்ந்து ஓடிய வண்டியில் குழாய்க்குள் காற்று புகுந்திருந்தால், கைப்பம்பை அடித்துக் காற்றை எடுத்தாலே போதும், வண்டி கிளம்பிவிடும். ஒரு ஃபியூஸ், ஒரு ரிலே, எலி கடித்த ஒரு ஒயர் பெரிய லாரியையே நிறுத்திவிடும். சிறிய பழுது என்று தெரிந்தால் ஃபோனிலேயே சொல்லிச் சரிசெய்ய வைத்துவிடுவாராம். "அதுக்குக் காசு கேட்பீர்களா?" என்றோம். சிரித்தார். "அந்த டிரைவர் அடுத்த தடவை பெரிய வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவார் ஹஜ்ரத்" என்றார்.

2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் பி.எஸ்.6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் இந்தத் தொழில் பெரிதும் மாறிவிட்டது. முன்பு காதும் கையும் போதும். என்ஜின் சத்தத்தைக் கேட்டே நோய் சொல்லும் பெரியவர்கள் இருந்தார்கள். இன்று லாரிக்குள் கணினி இருக்கிறது. எங்கே கோளாறு என்பதை அது எண்களாகச் சேமித்து வைக்கிறது. அதைப் படிக்க ஸ்கேனர் வேண்டும், லேப்டாப் வேண்டும், மல்டிமீட்டரைச் சரியாகப் பிடிக்கத் தெரிய வேண்டும். புகையில் உள்ள நச்சு வாயுவைக் குறைக்க, யூரியா கரைசல் ஒன்று தனித் தொட்டியிலிருந்து புகைக்குழாயில் தெளிக்கப்படுகிறது. அதில் யூரியா 32.5 சதவீதம், மீதி சுத்திகரித்த நீர். டிரைவர்கள் 'ஆட்ப்ளூ' என்று சொல்வது இதைத்தான். அது தீர்ந்தாலோ, அதில் வெறும் தண்ணீரைக் கலந்தாலோ, கணினி கண்டுபிடித்து என்ஜினின் இழுவையைக் குறைத்துவிடும். ஏற்றத்தில் லோடு லாரி ஆமையாகிவிடும். பி.எஸ்.6 வந்தபின் இப்படி நிற்கும் வண்டிகளுக்காக வரும் அழைப்புகள் கூடிவிட்டனவாம்.

தொப்பூர் இறக்கம்

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் வருகிறது. வளைவும் சரிவுமாக இறங்கும் அந்தச் சாலையில், இரட்டைப் பாலம் பகுதியைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்காத மாதம் குறைவு. 2020 டிசம்பர் 12 அன்று சிமெண்ட் ஏற்றி வந்த லாரி கட்டுப்பாட்டை இழந்து, நெரிசலில் நின்றிருந்த வாகனங்கள் மீது மோதியதில் 4 பேர் உயிரிழந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று மீண்டும் லாரிகளும் கார்களும் மோதித் தீப்பிடித்து 4 பேர் இறந்தார்கள். அந்தக் கேமரா காட்சியை நம்மில் பலர் செல்போனில் பார்த்திருப்போம். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

"பிரேக் பிடிக்கவில்லை" என்று செய்தியில் ஒரு வரியில் முடிந்துவிடும். அதற்குள் என்ன இருக்கிறது என்பதைத் தம்பி நமக்குப் புரிய வைத்தார்.

பெரிய லாரிகளில் பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்கிறது. என்ஜினோடு சேர்ந்து சுழலும் கம்ப்ரஸர்தான் அந்தக் காற்றைச் சேமிக்கிறது. நீண்ட சரிவில் டிரைவர் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் டிரம்மும் லைனிங்கும் சூடேறும். ஒரு கட்டத்துக்கு மேல் லைனிங் பிடிக்கும் சக்தியை இழந்துவிடும். காலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. அதனால்தான் சரிவில் சின்ன கியரில், என்ஜினின் பிடிப்பிலேயே வண்டியை இறக்க வேண்டும் என்று சொல்கிறார்கள்.

ஆனால் டீசல் மிச்சமாகும் என்று நினைத்துச் சிலர் நியூட்ரலில் இறக்குகிறார்கள். அந்த நொடியில் என்ஜினின் பிடிப்பு முழுவதும் போய்விடுகிறது. டன் கணக்கான எடையைப் பிரேக் மட்டும் தாங்க வேண்டியிருக்கிறது. இதில் வேதனை என்னவென்றால், மின்னணு முறையில் டீசல் தெளிக்கும் இன்றைய என்ஜின்களில் அந்த மிச்சமும் இல்லை. கியரில் இருந்தபடி, ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமல் இறங்கும்போது கணினி டீசலை நிறுத்திவிடுகிறது. சக்கரம்தான் என்ஜினைச் சுழற்றுகிறது. நியூட்ரலில் இறங்கினால், என்ஜின் அணையாமல் இருக்க டீசல் போய்க்கொண்டே இருக்கும். உயிரைப் பணயம் வைத்து மிச்சம் பிடிப்பதாக நினைப்பவர் உண்மையில் கூடுதலாகச் செலவு செய்கிறார். லாரி ஓட்டும் சகோதரர்கள் வீட்டில் இருந்தால் இதை அவசியம் அவர்களிடம் சொல்லுங்கள்.

இதில் டெக்னீஷியனின் பங்கு எங்கே? முந்தைய நாள் யார்டில்தான். லைனிங் தேய்ந்திருக்கிறதா, சக்கரத்துக்குச் சக்கரம் பிரேக் ஒரே அளவில் பிடிக்கிறதா, எங்காவது காற்றுக் கசிகிறதா என்று அவர் குனிந்து பார்த்தாரா, இல்லை பார்த்ததாக எழுதிவிட்டுப் போனாரா என்பதில் இருக்கிறது. இரட்டைப் பாலத்தில் யாரோ ஒரு குடும்பம் காரில் போய்க்கொண்டிருக்கும். அவர்கள் இவரைப் பார்த்ததே இல்லை, பார்க்கப் போவதும் இல்லை. ஆனால் அவர்கள் வீடு சேர்வது இவர் வைத்த ஒரு 'டிக்' குறியில் இருக்கிறது. அமானிதம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நாம் வேறெங்கும் பார்க்கவில்லை.

சாலையோரத்தில் ஓர் உயிர்

வேலை செய்பவரின் உயிரும் சாதாரணமானதல்ல. பட்டறையில் சமதளம் இருக்கும், வெளிச்சம் இருக்கும். சாலையோரத்தில் இரண்டும் இல்லை. முதுகுக்குப் பின்னால் பஸ்களும் டேங்கர்களும் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். தம்பி நமக்குச் சொன்ன சில விதிகளை, இந்தத் தொழிலில் உள்ள இளைஞர்களுக்காக அப்படியே தருகிறோம்.

வேனை எப்போதும் பழுதான வண்டிக்குப் பின்னால், ஹஸார்டு விளக்கு எரியவிட்டு நிறுத்த வேண்டும். ஒளிரும் மேலங்கி இல்லாமல் கீழே இறங்கக் கூடாது. சிவப்பு முக்கோணப் பலகையை வண்டிக்கு ஒட்டி வைப்பதில் பயனில்லை. வளைவு இருந்தால் வளைவுக்கு முன்பே வைக்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் எந்த வேலையும் தொடங்கக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையக் கூடாது, ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். நெடுஞ்சாலையில் நின்றால் 1033 என்ற எண்ணுக்குச் சொன்னால் ரோந்து வாகனமோ கிரேனோ வரும்.

இன்னொன்று மிக முக்கியம். லாரியின் பின் சக்கரங்களில் உள்ள பிரேக் சேம்பருக்குள் பெரிய ஸ்பிரிங் ஒன்று அழுத்தி வைக்கப்பட்டிருக்கும். காற்று இறங்கிவிட்டால் இந்த ஸ்பிரிங்தான் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. இது பாதுகாப்புக்கான நல்ல ஏற்பாடு. ஆனால் விவரம் தெரியாமல் அந்தச் சேம்பரைத் திறந்தால் ஸ்பிரிங் வெடித்துக் கிளம்பி ஆளையே கொன்றுவிடும். போல்ட் போட்டு ஸ்பிரிங்கை அடக்கும் முறையை முறையாகக் கற்றவர் மட்டுமே அதில் கை வைக்க வேண்டும். அடக்கிவிட்டால் பிரேக் விடுபட்டுவிடும். சரிவில் சக்கரத்துக்குக் கட்டை இல்லையென்றால் வண்டி நகர ஆரம்பித்துவிடும். "பார்த்துக் கத்துக்கிட்டேன்" என்று சொல்லும் பையன்கள் கை வைக்கக் கூடாத இடம் இது.

வேலை முடிந்தபின் ஒரு கடமை பாக்கி இருக்கிறது. வண்டி நின்ற இடத்தில் அடையாளத்துக்காகப் பெரிய கல்லையும் மரக்கிளையையும் போடுவது நம் சாலைகளில் பழக்கம். வண்டி கிளம்பியதும் கல் அங்கேயே கிடக்கும். இருட்டில் பைக்கில் வருபவர் அதில் மோதி விழுவார். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் தர்மம் என்று சிறு பிள்ளைகளுக்கே மக்தபில் சொல்லித் தருகிறோம். அந்தப் பாடத்தை நாமும் அவரும் சேர்ந்து ஓதிய நாள் நினைவுக்கு வந்தது, தம்பி கல்லைத் தூக்கி ஓரமாகப் போட்டதைப் பார்த்தபோது.

கைத்தொழிலும் கண்ணியமும்

"மெக்கானிக்தானே" என்று சொன்ன அந்தத் தகப்பனாருக்கு நாம் அன்று சொல்லத் தவறியதை இங்கே சொல்கிறோம். தாவூத் (அலை) இரும்பை வளைத்துக் கவசம் செய்தார்கள். ஸகரிய்யா (அலை) தச்சு வேலை பார்த்தார்கள். மதரஸாவில் நாம் ஓதிய நூல்களை எழுதிய இமாம்களின் பெயர்களைப் பாருங்கள். அல்கஸ்ஸாஃப் என்றால் செருப்புத் தைப்பவர். அல்ஜஸ்ஸாஸ் என்றால் சுண்ணாம்புக் காரை வேலை செய்பவர். அல்கஃப்பால் என்றால் பூட்டுச் செய்பவர். தொழிலின் பெயரையே அவர்கள் கண்ணியத்தோடு சுமந்தார்கள். அந்தப் பெயர்களை நாமும் ரஹ்மதுல்லாஹி அலைஹி சேர்த்துச் சொல்கிறோம். பிறகு வெளியே வந்து, கையில் கிரீஸ் உள்ள பையனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிறோம்.

கிரீஸ் பற்றி இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருகிறது. கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒளு கூடுமா என்று. வெறும் எண்ணெய்ப் பசை தோலில் தண்ணீர் படுவதைத் தடுக்காது, அது ஒளுவுக்குத் தடையில்லை. ஆனால் படலமாக ஒட்டிக்கொண்ட கெட்டி கிரீஸ், கேஸ்கெட்டுக்குப் பூசும் பசை, பெயிண்ட் ஆகியவற்றை முடிந்தவரை சுரண்டி எடுத்துவிட வேண்டும். கைகழுவும் பேஸ்ட் ஒரு டப்பா வேனில் இருந்தால் போதும். டீசலில் கை கழுவும் பழக்கம் தோலுக்குக் கேடு, அதை விட்டுவிடுங்கள்.

யாருடைய நேரம், யாருடைய காசு?

கம்பெனி வேனில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கும், சொந்த வேன் வைத்துப் பல முதலாளிகளுக்கு வேலை செய்பவருக்கும் மார்க்கச் சட்டத்தில் வேறுபாடு உண்டு. முன்னவர் 'அஜீர் காஸ்'. அவர் தம் நேரத்தை விற்றிருக்கிறார். அந்த நேரத்தில் கம்பெனி வேனை எடுத்துக்கொண்டு தனி வேலைக்குப் போய்க் காசு வாங்குவது, அது எவ்வளவு சிறிய தொகையாக இருந்தாலும், மோசடி. பின்னவர் 'அஜீர் முஷ்தரக்'. அவர் விற்பது வேலையை. அவர் கைவேலையால் பொருளுக்குச் சேதம் வந்தால் அவர் பொறுப்பாளி என்பது ஹனஃபி சட்ட நூல்களின் நிலை. எனவே செய்ய முடியாத வேலையை "முடிச்சுத் தர்றேன்" என்று ஒப்புக்கொள்வது கூடாது.

இந்தத் தொழிலில் உள்ள பெரிய வழுக்கல் உதிரிப்பாகம். கடைக்காரர் பில்லில் கூட்டி எழுதிவிட்டு வித்தியாசத்தைக் கமிஷனாகக் கொடுப்பார். போலிப் பாகத்தை மாட்டிவிட்டு அசல் விலையை வாங்குவார்கள். மாற்றாத ஃபில்டரைத் துடைத்து வைத்துவிட்டுப் புதியது என்று எழுதுவார்கள். முதலாளி கிருஷ்ணகிரியில், வண்டி தொப்பூரில், யார் பார்க்கப் போகிறார்கள்? தம்பி ஒரு வழி வைத்திருக்கிறார். கழற்றிய பழைய பாகத்தைப் புதியது வந்த அட்டைப் பெட்டியில் போட்டு டிரைவரிடமே கொடுத்துவிடுவார். எல்லாவற்றையும் ஜாப் கார்டில் எழுதுவார். முதலாளி "பிரேக்கை அடுத்த நடைக்குப் பார்க்கலாம்" என்றால், அதையும் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்குவார். குர்ஆனின் மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்பதை அவருக்கு நினைவூட்டினோம். "அதை ஓதிக் கொடுத்ததே நீங்கள்தானே" என்றார்.

அவர் இழந்தது

இப்போது இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறோம். சில லாரிகள் வைத்திருக்கும் ஒரு முதலாளி, தம்பியிடம் ஒரு சிறு மின்னணுப் பெட்டியைக் கொடுத்து வண்டிகளில் மாட்டச் சொன்னார். அதை மாட்டினால் யூரியா கரைசல் இல்லாமலே, எல்லாம் சரியாக இருக்கிறது என்று லாரியின் கணினி நம்பிவிடும். ஒவ்வொரு நடையிலும் செலவு மிச்சம். கூடவே, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் தளர்த்தச் சொன்னார். சரக்கு லாரி மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டாமல் இருக்க அரசு வைத்த கருவி அது.

தம்பி மறுத்துவிட்டார். அந்த யார்டின் வேலை முழுவதும் போய்விட்டது. மாத வருமானத்தில் பெரும் பகுதி அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பாக்கித் தொகையும் இன்றுவரை வரவில்லை. மஃரிப் தொழுகைக்குப்பின் நம்மிடம் வந்து உட்கார்ந்தார். "நான் மாட்டாவிட்டால் இன்னொருவர் மாட்டுவார், ஹஜ்ரத். லாரி அப்படியேதான் ஓடும். புகையும் அப்படியேதான் வரும். என் வீட்டில் மட்டும்தான் அடுப்பு எரியாது. நான் செய்தது சரிதானா?"

சரிதான் என்றோம். கணினியை ஏமாற்றுவதாக நினைத்தாலும், உண்மையில் ஏமாறுவது அந்தச் சாலையோரத்தில் மூச்சு விடும் மக்கள். சட்டத்துக்கும் எதிரானது, மார்க்கத்துக்கும் எதிரானது. இதில் நமக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் எழுந்து போனபின் நம் மனம் நம்மையே கேட்டது. "பொறுமையாக இரு, ரிஸ்கை அல்லாஹ் தருவான்" என்று சொல்லி அனுப்பிவிட்டால் நம் கடமை முடிந்ததா? ஹலாலைப் பிடித்துக்கொண்டதற்காக ஒருவர் நஷ்டப்படும்போது, அந்த நஷ்டத்தில் ஜமாஅத்துக்குப் பங்கில்லையா?

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, வேலை கொடுப்பது. நம் சமுதாயத்தில் பள்ளிக்கூட வேன்கள் இருக்கின்றன, மதரஸா வேன்கள் இருக்கின்றன, ஆம்புலன்ஸ்கள் இருக்கின்றன, நாலு லாரி, எட்டு லாரி வைத்திருக்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். மறுத்த கையைத் தேடிப் பிடித்து அந்த வண்டிகளை ஒப்படைக்க வேண்டும். பிள்ளைகள் ஏறும் வேனுக்கு அப்படிப்பட்ட கைதான் வேண்டும். அவரவர் கூலியை வியர்வை உலரும் முன் கொடுக்க வேண்டும் என்று பயான் செய்யும் நாமும், பள்ளிவாசல் ஜெனரேட்டர் ரிப்பேருக்கு வந்தவரை மூன்று முறை அலைய விடுகிறோம். அதையும் திருத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கருவி. நல்ல ஸ்கேனரும் லேப்டாப்பும் இன்றைய டெக்னீஷியனுக்குக் கை போன்றவை. தொழில் தொடங்க அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பல வங்கிக் கடன் வழியே, வட்டியோடு வருகின்றன. வட்டியை அஞ்சி ஒதுங்கும் இளைஞருக்கு நாம் காட்டும் மாற்று வழி என்ன? பைத்துல்மால் உள்ள ஜமாஅத்துகள் மருத்துவத்துக்கும் திருமணத்துக்கும் உதவுவது போல, தொழில் கருவிக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம். திரும்பி வரும் பணம் அடுத்த பிள்ளைக்குப் போகும்.

மூன்றாவது, படிப்பு. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டுப் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே தொழில் கற்ற காலம் போய்விட்டது. கடகத்தூரில் அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு ஐ.டி.ஐ.களில் இரண்டு ஆண்டுப் படிப்பு, டீசல் மெக்கானிக் ஓராண்டு. அதன்பின் கம்பெனிகளில் உதவித்தொகையோடு தொழில் பழகுநர் பயிற்சி உண்டு. அந்தச் சான்றிதழ் இங்கே மட்டுமல்ல, வளைகுடா நாடுகளில் பஸ், லாரி நிறுவனங்களின் சர்வீஸ் வேன் வேலைக்கும் உதவும். நம் தம்பியும் இந்த வழியில் வந்தவர்தான்.

நான்காவது, பாதுகாப்பு. கம்பெனியில் சேருபவர்கள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று முதல் நாளே கேளுங்கள். சொந்தமாகத் தொழில் செய்பவர்களுக்குத் தமிழ்நாடு அமைப்புசாரா ஓட்டுநர்கள் மற்றும் தானியங்கி மோட்டார் வாகனங்கள் பழுது பார்க்கும் தொழிலாளர்கள் நல வாரியம் என்று தனி வாரியமே இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் தொழிலாளர் துறை வழியே பதிவு செய்யலாம். பிள்ளைகளின் கல்வி, திருமணம், விபத்து மரணம், 60 வயதுக்குப்பின் ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. பட்டறைத் தெருக்களில் விசாரித்தோம். இந்த வாரியத்தின் பெயரையே கேள்விப்படாதவர்கள்தான் அதிகம். ஒரு ஜும்ஆவுக்குப்பின் பள்ளிவாசல் வாசலில் ஒரு மேசை போட்டு, ஆதார், ரேஷன் கார்டுடன் வரச் சொல்லி, இரண்டு பட்டதாரி இளைஞர்களை உட்கார வைத்தால் ஒரு தெருவையே பதிவு செய்துவிடலாம். நம் ஜமாஅத்தில் இதைத் தொடங்க மஷ்வரா செய்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

தம்பிக்கு இழந்த யார்டு திரும்பக் கிடைக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் சில வேன்கள் மட்டும் இப்போது அவரிடம் வந்திருக்கின்றன. இழந்ததற்கு அது ஈடாகாது என்பதை அவரும் அறிவார், நாமும் அறிவோம். ஆனாலும் காலை ஆறு மணிக்கு அந்த வேன்களுக்கு அடியில் படுத்து அவர் பிரேக்கைப் பார்க்கிறார். ஏழரை மணிக்கு அதில் நம் பிள்ளைகள் ஏறுகிறார்கள்.

அடுத்த முறை உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு மெக்கானிக் மாப்பிள்ளை வந்தால், எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று கேளுங்கள், தப்பில்லை. கூடவே, எதையெல்லாம் செய்ய மறுத்தார் என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.